பிடிக்காமல் பிடித்துக்கொண்டு

பதுளையில் நான் வேலை பார்த்த தையல்கூடத்தை நினைத்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது மூக்கில் ஏறிய பஞ்சுதான். செயற்கைப் பஞ்சு. மாலையில் முகம் கழுவும்போது மூக்கிலிருந்து வெள்ளையாக வரும். துப்பினால் எச்சிலோடு இழை இழையாக வரும். வெளிநாட்டுக்காரர்கள் கட்டிலில் விரித்துக்கொள்ளும் மெத்தைப் போர்வைகளை அங்கே தைத்தோம். மேலே ஒரு துணி, நடுவில் பஞ்சு, கீழே ஒரு துணி. மூன்றையும் சேர்த்துப் பூவும் கொடியுமாகத் தைத்துவிட்டால் அதற்குப் பெயர் குவில்ட். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம்.

தைக்கிற மெசின், தேயிலைத் தோட்டத்தில் ஒரு குடும்பம் குடியிருக்கும் லயக் காம்பராவை விட நீளம். சாதாரண மெசினில் துணி நகரும். இதில் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டிவிடுவார்கள், அது அசையாது. மெசின்தான் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடும். நாம் நின்றபடி இரண்டு கைப்பிடிகளையும் பிடித்து, சைக்கிளை வளைத்து ஓட்டுவதுபோல் ஓட்டிப் பூப்போட வேண்டும். நானும் ஓர் அக்காவும் மாறி மாறி அதை ஓட்டினோம்.

அக்கா தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பல வருடம் கொழுந்து எடுத்தவர். முழங்கால் கெட்டு மலையேற முடியாமல் போனதும் இங்கே வந்து சேர்ந்தார். உண்மையைச் சொன்னால் எனக்கு அவரை அவ்வளவாகப் பிடிக்காது. நான் சோத்துப் பார்சலை அவிழ்த்தால் எட்டிப் பார்த்துக் குறை சொல்வார். என் கல்யாணப் பேச்சு எதுவரை வந்திருக்கிறது என்று ஊருக்கே கேட்கும்படி விசாரிப்பார். ஆனாலும் நாள் முழுக்க ஒரே சட்டத்தின் முன்னால் நின்றதில் ஒருவர் கை எந்தப் பக்கம் திரும்பும் என்று மற்றவருக்குத் தெரிந்திருந்தது.

ஒருநாள் கொழும்பிலிருந்து ஒருவர் பெட்டிகளோடு வந்தார். மெசினில் இரண்டு மோட்டர்களையும், பல் வைத்த ரப்பர் பட்டிகளையும், ஒரு சின்னக் கம்ப்யூட்டர் திரையையும் பூட்டினார். வேலை முடியும்வரை எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. தேத்தண்ணி கொடுத்தபோதும் கையை மட்டும் பின்னால் நீட்டினார். கடைசியில் திரையில் ஒரு பூவைத் தெரிவுசெய்து பொத்தானை அழுத்தினார். ஒருவரும் தொடாமல் மெசின் ஓடியது. எல்லாப் பூவும் ஒரே பூ. எங்கே தொடங்கியதோ அங்கேயே வந்து முடிந்தது.

மனேஜர் சேர் கை தட்டினார். அவர் யாழ்ப்பாணத்தவர், கணக்குப் படித்துவிட்டு வந்தவர். "இனி உங்களுக்குச் சுகம், பிள்ளையள்" என்றார். திரையில் வருகிற ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசிக்க எனக்குத் தெரியும். அதனால் மாதம் முடிந்ததும் என்னை வைத்துக்கொண்டு அக்காவை நிறுத்தினார்கள்.

அதற்குப் பிறகு என் வேலை பார்த்துக்கொண்டு நிற்பது. நூல் அறுந்தால் அந்த மெசினுக்குத் தெரியாது. வெறும் ஊசியால் துணியைக் குத்திக்கொண்டே போகும். அது அப்படிப் போகிறதா என்று காவல் இருப்பதுதான் எனக்குக் கிடைத்த சுகம்.

சில மாதங்கள் கழித்து மனேஜர் என்னைக் கூப்பிட்டார். குவில்ட் வாங்குகிறவர்கள் நேரில் வரப்போகிறார்களாம்.

"அவையள் கையாலை ஓட்டித் தைச்ச சாமான் எண்டுதான் வாங்கினம். அந்த அக்காவை ஒருக்கா வரச் சொல்லும். கொழுந்து எடுக்கப் போகேக்கை உடுக்கிற மாதிரியே வரட்டும். இடுப்பிலை கட்டுறது என்ன, படங்கோ? அதையும் கட்டிக்கொண்டு."

சொல்லும்போது அவருக்கு வெட்கமாக இருந்ததாகத் தெரியவில்லை. பஸ்ஸில் போய் அக்காவின் லயத்தில் விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு வாய் கசந்தது.

"படங்கு எதுக்குடி? கூடத்துக்குள்ள மழையா பெய்யுது?"

"அதுதான் வேணுமாங்க்கா."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. அவர் மறுப்பார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அவரோ கொடியில் கிடந்த, மழைக்கும் முள்ளுக்கும் கட்டும் தடித்த படங்கை உதறி மடித்தார்.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் ஒத்திகை பார்த்தோம். அக்கா பழைய பழக்கத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். மோட்டர் ஒரு பக்கம் இழுக்க, அவர் கை இன்னொரு பக்கம் இழுக்க, பட்டி வழுக்கிப் பூ கோணியது.

"கையை வையுங்கோ, ஆனாப் பிடிக்காதேங்கோ" என்றார் மனேஜர்.

"புடிக்காம எப்புடிங்க சேர் புடிக்கிறது?"

மனேஜர் தானே செய்து காட்டினார். விரல்களைக் கைப்பிடியில் பட்டும் படாமலும் வைத்து, தலையைச் சாய்த்து, கஷ்டப்பட்டுத் தைப்பவரைப் போல உதட்டைக் கடித்துக்கொண்டு மெசின் போகிற பக்கமெல்லாம் போனார். அக்கா அதை ஒரே தடவையில் கற்றுக்கொண்டார்.

வந்தவர்கள் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும், அவரோடு கெமராக்காரர் ஒருவரும். மூலையில் எங்கிருந்தோ கொண்டுவந்த கொழுந்துக் கூடையொன்று இருந்தது. திரையை ஒரு துணியால் மூடியிருந்தார்கள். நான் தொங்கவிட்ட குவில்ட்டுகளுக்குப் பின்னால், வயரில் இழுத்து வைத்த பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். மனேஜர் இருமினார். அழுத்தினேன். அக்கா படங்கும் தலைத்துண்டுமாக மெசினோடு அசைந்தார். அந்தப் பெண் நெஞ்சில் கை வைத்து அழகு அழகு என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

பாதியில் நூல் அறுந்தது. அக்காவுக்குச் சத்தத்திலேயே தெரிந்திருக்கும். இரண்டு கையையும் எடுத்துவிட்டு, அறுந்த நுனியைத் தேடக் குனிந்தார். மெசின் தன்பாட்டில் ஓடி நூலில்லாத பூவொன்றைக் குத்தியது. நான் நிறுத்துவதற்குள் இன்னொரு பூவுக்கும் போய்விட்டது.

மனேஜரின் முகம் வெளிறிப்போனது. எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம். பிடிபட்டுவிட்டோம், இத்தோடு இந்தக் கூத்து முடிந்தது என்று நினைத்தேன். அந்தப் பெண் அக்காவின் வெறுங்கையைப் பார்த்தார். சுற்றி வந்து துணியைத் தூக்கித் திரையைப் பார்த்தார். குவில்ட்டை விலக்கி என்னையும் பார்த்தார். பிறகு சிரித்தார். மனேஜரிடம் ஏதோ சொல்ல, அவரும் உயிர் வந்தவர்போலச் சிரித்தார்.

"பரவாயில்லையாம். கையைத் திரும்ப வைக்கட்டுமாம். படத்துக்கு நல்லாயிருக்காம்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் ஊசியில் நூலைக் கோத்துக்கொடுத்துவிட்டுத் திரும்பவும் குவில்ட்டுக்குப் பின்னால் போனேன். இந்தத் தடவை எதற்கு ஒளிந்து நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை. கெமராவின் வெளிச்சம் துணி வழியாக விட்டுவிட்டு அடித்தது. அன்று மதியம் கொண்டுபோன சோற்றை நாய்க்குக் கொட்டினேன்.

அடுத்து வந்தவை குவில்ட்டில் தொங்கவிடும் கார்ட்டுகள். ஒவ்வொன்றிலும் படங்கு கட்டிய அக்கா. கீழே, இதைத் தன் கையால் தைத்தவர் என்று ஒரு பெயர். அக்காவின் பெயர் அல்ல.

இன்னொரு கூட்டம் வருகிறதென்று அக்காவை அழைத்திருந்தபோது ஒன்றை எடுத்து அந்தப் பெயரை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"இது யாரு பேரு, சேர்?" என்று பக்கத்தில் நின்ற மனேஜரிடம் கேட்டார்.

"அது அவையின்ரை வாயிலை நுழையிற மாதிரி ஒண்டு வைச்சிருக்கினம், அக்கா."

அக்கா நூல் வெட்டும் கத்திரியால் அந்தப் பெயரை மட்டும் வெட்டிப் போட்டார். "படம் நல்லாத்தான் இருக்கு. ஊட்டுல ஒட்டிக்கலாம்" என்று மீதியைப் பைக்குள் வைத்தார்.

எனக்கு அவர்மேலும் அருவருப்பு வந்தது. "ஒங்களுக்கு ரோசமே இல்லையாக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "மலையில நின்னப்பவும் வெள்ளைக்காரங்க வேனுல வந்து படம் புடிச்சிட்டுத்தான் போனாங்க. அப்ப முதுகுல பாரம் இருந்திச்சு. இப்ப இல்ல. எனக்கு இதுதான் லேசு" என்றார்.

அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்காக என் வெறுப்பு குறையவும் இல்லை. ஒவ்வொரு குவில்ட்டிலும் அந்தக் கார்ட்டை ஊசி குத்தி மாட்டுவதும் என் வேலையாகிவிட்டது. விரலில் பசை ஒட்டினாற்போலவே இருக்கும், எத்தனை தடவை சவர்க்காரம் போட்டாலும்.

வேலையை விடப்போகிறேன் என்று சொன்னபோது மனேஜருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

"ஏன் பிள்ளை? உம்மை ஒருத்தரும் படங்கு கட்டச் சொல்லேல்லையே?"

"அக்காவுக்கு ஏலாமப் போனா அடுத்து என்னத்தானே சொல்லுவீங்க, சேர்?"

மனேஜர் என் முகத்தைப் பார்த்தார். துணியின் நிறம் பொருந்துமா என்று பார்க்கிற பார்வை.

"இல்லை, உமக்கு வயசு காணாது" என்றார்.

குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பிறகு மொனராகலைப் பக்கம் ஒரு காமன்ட் தொழிற்சாலையில் சட்டைக் கழுத்துத் தைக்கப் போனேன். வெக்கை தாங்காது. மேற்பார்வைக்காரி கத்துவாள். அக்கா இன்னும் கொஞ்சக் காலம் ஆட்கள் வரும்போதெல்லாம் போய் நின்றதாகக் கேள்விப்பட்டேன். அவரும் ஒருநாள் சலித்துப்போய் வர மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருப்பார் என்று நம்ப ஆசைப்பட்டேன். அப்படி நடக்கவில்லை. முழங்கால் நிற்கவும் விடாமல் போனபோதுதான் நிறுத்தினாராம்.