மல்லாந்துதான் படுத்திருந்தாள்

எங்கள் சொந்தத்தில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் முதல் போன் என் அக்காவுக்குத்தான் போகும். தொட்டியத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவாள். பச்சைக் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகை காட்டி, கடுகு நிரப்பிய சின்னத் தலையணையில் படுக்க வைப்பாள். தலை உருண்டையாக வருமாம்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் என் முதல் மகளையும் அவள்தான் குளிப்பாட்டினாள். மூன்றாவது மாதத்தில் ஒரு காலை, குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்துவிட்டு காந்தி மார்க்கெட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து நான் போய்ப் பார்த்தேன். முகம் தலையணையில் அழுந்தியிருந்தது. மூச்சு இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "குழந்தை எப்படிப் படுத்திருந்தது?" என்று கேட்டார். அக்கா அப்போதுதான் ஓடி வந்து கதவோரம் நின்றாள். கையில் இன்னும் காய்கறிப் பை. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "மல்லாந்துதான் படுத்திருந்தா. நான்தான் மல்லாக்கத் திருப்பிப் போட்டேன்" என்று சொல்லிவிட்டேன். டாக்டர் எழுதிக்கொண்டார். காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை என்றார்கள். சொந்தக்காரர்களுக்குக் காரணத்துக்கா பஞ்சம்? திருஷ்டி என்றார்கள். நான் தூக்கத்தில் அமுக்கியிருப்பேன் என்றுகூட ஒருத்தி என் காதில் விழும்படி சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். உண்மை என் கணவருக்கு மட்டும் தெரியும்.

நாலு வருஷம் கழித்து மகன் பிறந்தான். இந்தத் தடவை பார்த்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். எப்போதும் மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். தலையணை வேண்டாம், கனமான போர்வை வேண்டாம், வியர்க்க வியர்க்கத் துணி சுற்ற வேண்டாம். வீட்டில் புகையே கூடாது. உங்கள் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில்.

"அப்ப குப்புறப் படுக்கறதாலதான் குழந்தைங்க போயிடுதா டாக்டர்?"

"அப்படி அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. குப்புறப் போட்டா ஆபத்து கூடும். சில குழந்தைங்க விஷயத்துல ஏன்னே தெரியாது."

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை. இப்படி நடுவில் நிறுத்தினால் நான் யார்மேல்தான் கோபப்படுவது?

அக்கா வந்து இறங்கினாள். "அவங்ககிட்ட பழசைக் கிளறாத, தாங்க மாட்டாங்க" என்றார் கணவர். அதனால் வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தேன். தலையணையைப் பரணில் ஒளித்தேன்; மறுநாளே இன்னொன்று தைத்துவிட்டாள். சாம்பிராணித் தட்டை மறைத்தேன். கொட்டாங்கச்சியில் நெருப்புப் போட்டாள். நான் மல்லாக்கப் போட்டுவிட்டுப் பல் தேய்த்து வருவதற்குள் குழந்தை குப்புறக் கிடப்பான். திருப்புவேன். அவள் திருப்புவாள். டாக்டர் சொன்னார் என்றால், "நான் பார்க்காத குழந்தையா?" என்று சிரிப்பாள். எட்டு நாள் இந்தக் கூத்து. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

ஒன்பதாம் நாள், குளித்துவிட்டு வந்தேன். குழந்தை குப்புறக் கிடந்தான், மேலே போர்வை வேறு. பாய்ந்து தூக்கினேன். வீல் என்று கத்தினான். அந்தக் கத்தலைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"உனக்கு எத்தனை தடவைக்கா சொல்றது!"

"ஏன்டி கத்துற? மல்லாக்கப் போட்டா பால் புரையேறிடும். மூத்தவ அப்படித்தானே போனா? நீ திருப்பிப் போட்டதாலதானே?" அக்கா கண் கலங்கினாள். "உன் மனசு கஷ்டப்படும்னு இத்தனை நாளா நான் வாயே திறக்கல."

நான் அவளைக் காப்பாற்றச் சொன்ன பொய்யை வைத்துக்கொண்டு, அவள் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நான் திருப்பவே இல்லக்கா. நீ எப்படிப் போட்டுட்டுப் போனியோ அப்படியேதான் கிடந்தா."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். டாக்டர் அடித்துச் சொல்லவில்லை என்பதை எப்படியாவது சொல்லிவிட வேண்டுமென்று வாயைத் திறந்தேன். அவள் காதில் எதுவும் விழவில்லை. விரல் மடக்கிக்கொண்டிருந்தாள்.

"அதுக்கப்புறம் அஞ்சு குழந்தைங்கடி. மல்லாக்கப் போடாதீங்க, என் தங்கச்சி குழந்தை அப்படித்தான் போச்சுன்னு அஞ்சு வீட்டுலயும் சொல்லிட்டு வந்திருக்கேன். நாலு வளந்துடுச்சு. என் கொழுந்தன் மகளுக்குப் பொறந்தது இப்பதான் ரெண்டு மாசம்."

போனை எடுத்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள். "குழந்தை எப்படிம்மா படுத்திருக்கு? போய் மல்லாக்கப் போடு. உடனே போ." போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பிறகு, "தூங்குறானா? மூச்சு விடுறான்ல? சரி, சரிம்மா" என்றாள்.

அந்தப் பெண், "நீங்கதானே பெரியம்மா மல்லாக்கப் போடக் கூடாதுன்னு சொன்னீங்க?" என்று கேட்டது எனக்கே கேட்டது.

அக்கா போனை என்னிடம் நீட்டினாள்.