என் பெயரில் படித்தவன்

எட்டு வயதில், இரண்டாம் வகுப்பிலிருந்து நிறுத்தி என்னை ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புக்கு வேலைக்கு அனுப்பினார்கள். முப்பத்தைந்து வயதில் நானாகத் திரும்பப் பள்ளிக்கூடம் போனேன். அறிவுத் தாகம் என்று யாரும் தவறாக நினைத்துவிட வேண்டாம். தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழி என் விரல்களைத் தின்றுகொண்டிருந்தது. காலையில் எழுந்தால் கை மடங்காது.

ஷாப்பு மாடியில் தோலைத் தரம் பிரிக்கும் அறை இருந்தது. அங்கே ஈரமும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. லண்டனுக்குப் போகும் தோலில் குத்தியிருக்கும் இங்கிலீஷ் எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தால் போதும். மேனேஜரிடம் கேட்டேன். "மொதல்ல படிச்சிட்டு வா, அப்பால பாக்கலாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடுமுறை. அன்று காலையில் பெரியவர்களுக்கென்று ஒரு கொட்டகையில் பள்ளி நடந்தது. சர்க்காரிடம் நல்ல பெயர் வாங்க ஷாப்புக்காரர்கள் ஆரம்பித்தது. முதலில் தமிழ், இன்ஸ்பெக்டர் வந்து சோதித்த பிறகு இங்கிலீஷ் என்று ஏற்பாடு. ஏழு பேர் சேர்ந்தோம். பலப்பம் என் கையில் நிற்கவே இல்லை; வெடித்த விரலில் துணி சுற்றிக்கொண்டு எழுதினேன். மறந்துபோன எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. மழைக்காலம் முடிவதற்குள் பாலபாடத்தைத் தடுமாறாமல் படித்தேன். எனக்குக் கர்வம்கூட வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் ஒரு செவ்வாய்க்கிழமை வருவதாகத் தெரிந்தது. அரை நாள் விடுப்புக் கேட்கப் போனேன். மேனேஜரோடு எங்கள் வாத்தியாரும் நின்றிருந்தார்.

"நீங்க யாரும் வர வேணாம். ஆபீஸ் ஆளுங்கள உக்கார வெச்சிக்கிறோம்" என்றார் மேனேஜர்.

"இன்னா சார் இது? நான் நல்லா படிக்கிறேனே."

"உன் மேல வர்ற நாத்தத்துல அந்த மனுஷன் உக்காருவாரா? பேஜார் பண்ணாத, போய் வேலையப் பாரு."

வாத்தியாரைப் பார்த்தேன். அவர் தன் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் வரும் நாளில் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளைக் கடன் வாங்கி உட்கார வைப்பது வாத்தியார்களுக்குப் பழக்கம்தான். எங்கள் இடத்துக்குக் குமாஸ்தாக்களைக் கடன் வாங்கினார்கள். எங்கள் பெயர்களுக்கு அவர்கள் 'உள்ளேன் ஐயா' சொல்லியிருக்கிறார்கள். என் பெயரில் உட்கார்ந்தவன் செய்தித்தாளையே கடகடவென்று படித்துக் காட்டினானாம். இன்ஸ்பெக்டர் அசந்துபோய் ஒரு புத்தகம் பரிசு கொடுத்தாராம். அவனே குழிக்கரைக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னான்.

"என் பேருக்குத்தானே குடுத்தாரு? புக்கு எங்க?" என்று கேட்டேன்.

"படிச்சது நானாச்சே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். இடுப்பளவு குழிக்குள் நின்றிருந்தேன். மேலே நின்றிருந்தால் அறைந்திருப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை, இனி இங்கிலீஷ் என்று சந்தோஷமாகப் போனேன். கொட்டகை பூட்டியிருந்தது. கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. எங்களில் நன்றாகப் படிப்பவன் நான் என்பதால் மற்ற ஆறு பேரும் என்னை முன்னே தள்ளினார்கள். விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தேன்.

"மாணவர் அனைவரும் நன்றாக எழுதப் படிக்கக் கற்றுவிட்டதாக இன்ஸ்பெக்டர் திருப்தி தெரிவித்திருப்பதால், இப்பள்ளி இன்றோடு மூடப்படுகிறது."

பாலபாடத்துக்கு வெளியே நான் முதன்முதலாகப் படித்தது அதுதான். ஓர் எழுத்துகூடத் தவறவில்லை.

அதன்பிறகு இருபது வருஷம் அதே குழியில் நின்றேன். தமிழ் இன்றும் நன்றாகப் படிப்பேன். எழுதத்தான் விரல்கள் மடங்குவதில்லை. இதை நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள்.