நாங்கள் தள்ளிவிட்ட ரோடு

போன வாரம் என் நாத்தனார் பாறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். கயிற்றுக் கட்டிலில் கிடத்தி, கம்பு கட்டி, பஸ் நிற்கிற தலைச்சோலை வரைக்கும் நாலு பேர் தூக்கிப் போனார்கள். அந்த வலியிலும் அவள் வாய் ஓயவில்லை.

"ஏண்டா, காப்பி மூட்டைன்னு நெனச்சீங்களா? மெதுவாப் போங்கடா!"

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நேரே ரோடு ஆபீசுக்குப் போனேன். எங்கள் ஊருக்கு ரோடு கேட்டு நான் ஏறி இறங்கின கதையை உங்களிடமே எத்தனை தடவை புலம்பியிருக்கிறேன்!

அங்கிருந்த கிளார்க் கம்ப்யூட்டரைத் தட்டினார்.

"உங்க ஊருக்குத்தான் ரோடு இருக்குதுங்களேம்மா. மேப்புல கோவில் வரைக்கும் காட்டுது."

எட்டிப் பார்த்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தேன் — எங்கள் ஊர்தான். கோவில் வரைக்கும் ஒரு கோடு...

அப்புறம்தான் உறைத்தது. அந்த ஜீப்!

போன வருஷம் மழைக்கு முன்னால் மேப் எடுக்க வந்தது. கூரையில் ஒரு பெட்டி. மலிவான பெட்டிதானாம், வானத்தில் சுற்றுகிற எதையோ கேட்டு, போகிற வழியைத் தானே குறித்துக்கொள்ளுமாம்.

"பின்னாடி ஒரு காலத்துல இந்த மேப்பை வச்சு வண்டி தானா ஓடுமுங்க. டிரைவரே வேண்டாம்" என்றார் டிரைவர்கூட வந்தவர். ஊர் எல்லைப் பாறையைப் பார்த்ததும், "இதுக்கு மேல ஏறாதுங்க, திரும்பிக்கறோம்" என்றார்.

விடுவோமா? ஊருக்கு வந்த முதல் வண்டி, மாரியம்மனைப் பார்க்காமல் திரும்புவதா?

என் கொழுந்தனார் துண்டை இடுப்பில் இறுக்கினார். "ஏனுங்க, சாமியப் பாக்காமப் போனா ஊருக்கே ஆகாதுங்க. நீங்க ஸ்டீரிங்க மட்டும் புடிங்க!"

பாறை இடுக்கில் மண் கொட்டினோம். காப்பித் தோட்டத்து வேலியைப் பிரித்தோம். முன்னால் கயிறு கட்டி இழுக்கப் பாதிப் பேர், பின்னால் தள்ளப் பாதிப் பேர். நானும் தள்ளினேன். கோவில் வாசலில் ஜீப்புக்குக் கற்பூரம் காட்டினபோது எனக்கு எவ்வளவு பெருமை!

பெட்டிக்கு வண்டி போனது தெரியும். நாங்கள் தள்ளினது தெரியுமா? கொட்டின மண்ணை அடுத்த மழையே அடித்துப் போனதுதான் தெரியுமா?

எல்லாவற்றையும் கிளார்க்கிடம் சொன்னேன். "ஒருக்கா நேர்ல வந்து பாரு சாமி" என்றேன்.

"இருக்கற ரோட்டைப் புதுசாப் போடச் சொல்லி எப்படிங்கம்மா எழுதறது?"

பஸ் ஏறினேன்.

வெள்ளிக்கிழமை நாத்தனாரை வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். டிரைவர் இல்லாத வண்டி வருகிறபோது வரட்டும்... எங்கள் ரோட்டில் ஓடுகிற கட்டிலுக்கு நாலு டிரைவர் வேண்டும்.