வெறும் வயிற்றில் அக்காரவடிசல்

பிரசாதம் சாப்பாட்டில் சேருமா, சேராதா? இரண்டு குழந்தைகளுக்குத் தாயான பிறகும் இதற்கு எனக்கு விடை தெரியவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு ஏழு வயது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் தம்பி பிறந்து இரண்டு மாதமாகியும் அவன் கண்ணில் மஞ்சள் போகவில்லை. ஈரலுக்கு அடியில் இருக்க வேண்டிய பித்தப்பை ஸ்கேனில் தெரியவில்லை என்றார்கள். மறுபடி பார்த்தும் தெரியாவிட்டால் மதராசுக்குக் கொண்டுபோய் வயிற்றைத் திறக்க வேண்டும். அம்மா அதன்பிறகு யாரோடும் சரியாகப் பேசவில்லை.

அந்த ஸ்கேன் யந்திரம் திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியும் ஒரு கல்லூரியும் சேர்ந்து ஆராய்ச்சிக்காக வாங்கியது. கல்லூரியில் இயற்பியல் நடத்திய என் மாமாவுக்கு அதன்மேல் தனிப் பாசம். நோயில்லாத குழந்தைகளின் படங்களும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்ததால், தம்பியோடு என்னையும் அழைத்துவரச் சொன்னார்.

"உன் வயித்தை சினிமா எடுக்கப் போறோம்டி. காத்தால எதுவும் சாப்பிடப்படாது, என்ன?"

அன்று எனக்குக் காபிகூடக் கிடைக்கவில்லை. போகும் வழியில் பெருமாளைச் சேவித்துவிட்டுப் போகலாம் என்றாள் அம்மா. கோயிலில் ஒரு தொன்னை நிறைய அக்காரவடிசல் கொடுத்தார்கள். நெய் மணிக்கட்டு வரை வழிந்தது. நான் அம்மா முகத்தைப் பார்த்தேன்.

"பிரசாதத்தை வேண்டாம்னு சொல்லப்படாது. சாப்பிடு."

பஸ்ஸில் காவிரிப் பாலம் வருவதற்குள் தம்பி வீறிட்டு அழத் தொடங்கினான். அம்மா புடவைத் தலைப்பால் அவனை மூடிக்கொண்டாள். பாலம் முடிவதற்குள் அழுகை நின்றது.

இருட்டறையில் முதலில் என்னைப் படுக்க வைத்து, வயிற்றில் சில்லென்று ஏதோ தடவினார்கள். டாக்டரம்மா கருவியை அப்படியும் இப்படியும் நகர்த்தினார். முகம் சுருங்கியது.

"என்ன சார் இது? அக்காவுக்கும் பித்தப்பையைக் காணோமே?"

மாமா யந்திரத்தின் திரைக்குள் தலையை நுழைத்துவிடுவார் போலிருந்தது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"காலைல என்ன சாப்பிட்டே கண்ணு?"

"ஒண்ணும் சாப்பிடலை. கோயில்ல அக்காரவடிசல்தான்."

"அது பிரசாதம், டாக்டர்," என்று மாமா அவசரமாக எனக்குப் பரிந்து பேசினார்.

"சார், நீங்க ஃபிசிக்ஸ் வாத்தியார்தானே? பித்தப்பைக்கு நெய் தெரியும். பிரசாதம் தெரியாது. நெய் உள்ளே போச்சுன்னா அது சுருங்கிடும். பசியில இருந்தாத்தான் நிறைஞ்சு படத்துல தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். சட்டென்று டாக்டரம்மா சிரிப்பை நிறுத்தி அம்மா பக்கம் திரும்பினார்.

"போன தடவை வரும்போது பையனுக்குப் பால் குடுத்தீங்களாம்மா? எதுவும் குடுக்கலைன்னு சொன்னீங்களே?"

"புட்டிப்பால் குடுக்கலை. கிரைப் வாட்டர்கூட குடுக்கலை..." அம்மாவின் குரல் இறங்கியது. "பஸ்ஸுல அழுதான். நான்தான் கொஞ்சம்..."

"இன்னிக்கு?"

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "மத்தியானம் பார்ப்போம். அதுவரைக்கும் ரெண்டு பிள்ளைகளுக்கும் ஒண்ணும் கிடையாது. பிரசாதமும் கிடையாது," என்றார்.

நடையில் காத்திருந்தோம். தம்பி அழுதான். அம்மா தூக்கினால் இன்னும் அதிகமாக அழுதான். மாமா அவனை வாங்கிக்கொண்டு கோடிக்குப் போய்விட்டார். அழுகை அங்கிருந்தும் கேட்டது. அம்மா மடியில் கைகளை இறுகக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் ரவிக்கை முன்பக்கம் நனைந்திருந்தது. தண்ணீர் குடிக்கும்போது மேலே கொட்டிக்கொண்டாள் என்று நினைத்து, என் பாவாடை நுனியால் துடைத்துவிட்டேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எதற்கென்று எனக்குப் புரியவில்லை.

மத்தியானம் எனக்கு முன்பே தம்பியைப் படுக்க வைத்தார்கள். டாக்டரம்மா வெகுநேரம் தேடினார். பிறகு, "இதோ இருக்கார் துரை!" என்றார். சாம்பல் நிறத் திரையில், பாகற்காய் விதை அளவுக்குக் கறுப்பாய் ஒரு பை. மதராஸ் பயணம் நின்றது. மருந்திலும் நாள்போக்கிலும் மஞ்சளும் மெல்ல வடிந்தது.

என்னுடையதும் நன்றாகவே தெரிந்தது. என் படத்தை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொண்டார்கள். ஒன்றுமில்லாத வயிற்றின் படம் யாருக்கு என்ன உபயோகம் என்று அன்று எனக்கு ஏமாற்றம்தான். யாரோ ஒரு குழந்தைக்கு என்ன குறை என்று கண்டுபிடிக்க, குறையில்லாத ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது பின்னால் தெரிந்தது. அந்த ஈர ரவிக்கை புரிய இன்னும் நாளாயிற்று. என் முதல் மகள் அடுத்த அறையில் பசித்து அழுத ஒரு நாளில், நான் குனிந்து என் ரவிக்கையைப் பார்த்தேன்.

அந்த மகளுக்கு இப்போது ஐந்து வயது. இங்கே மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சிக்கு ஆரோக்கியமான குழந்தைகளின் படம் கேட்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்னது சரிதானா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். மறுப்பதற்கும் மனம் வரவில்லை. வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் அவள் "பசிக்குதும்மா" என்று என் முகத்தைப் பார்த்தால் என்ன பதில் சொல்வது? குழந்தையைப் பசியோடு உட்கார வைத்துச் சமாளித்த அனுபவம் உள்ள தாய்மார்கள் தயவுசெய்து எழுதுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இங்கேயும் ஒரு கோயில் இருக்கிறது.