சிந்தாத மங்கு

ஜப்பான்காரன் காலத்தில் கோலா கெத்தில் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் நான் கணக்கெழுதும் கிராணி. ஓடிப்போன வெள்ளைக்காரத் துரையோடு டென்னிஸ் ஆடியவன் என்று கேள்விப்பட்டு, ஜப்பானிய அதிகாரி என்னைத் தினமும் ஆடக் கூப்பிட்டான். சர்வீஸ் போட நான் தூக்கும் பந்து ஒரு நாள் முன்னால் போகும், ஒரு நாள் தலைக்குப் பின்னால் விழும். தவறினால் கன்னத்தில் அறை.

ஒரு மாலை தனியாகப் பழகிக்கொண்டிருந்தேன். ஓரத்தில் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்த பால்வெட்டுக்காரி பேச்சி சிரித்துவிட்டாள்.

"ஏய், உனக்கென்ன தெரியும்?"

"கோவிக்காதீங்க கிராணி. விரலால சுண்டுறீங்க, அதான் ஓடுது. மரத்துல தொங்குற மங்குல பால் நெறஞ்சதும் சிந்தாம தூக்குவோமே, அப்படிக் கைய மடக்காம தூக்கி விட்டுடுங்கலா."

பந்தை வாங்கிப் பத்து முறை தூக்கிக் காட்டினாள். பத்தும் ஒரே இடத்தில் விழுந்தன.

முந்தின வாரம்தான் ஒரு மங்கு பால் சிந்தியதற்கு அவளை எல்லார் முன்னாலும் திட்டியிருந்தேன். அவள் சிந்தாமல் தூக்கிய அத்தனை மங்குகளை நான் கவனித்ததே இல்லை.

மறுநாள் என் பந்தும் தப்பவில்லை. அடுத்த காலை பெரட்டில் பேர் கூப்பிடும்போது "பேச்சியம்மா" என்றேன். வரிசையே திரும்பிப் பார்த்தது. யாரும் அறையவில்லை, ஆனாலும் என் கன்னம் சுட்டது.