பேச்சு வர ஒரு வெடி

என் மகள் நாலு வயதுவரை சரியான வாயாடி. தெருவில் போகிறவரை நிறுத்தி, "சாப்பிட்டீகளா?" என்று விசாரித்துத்தான் அனுப்புவாள். தானே சோறு பிசைந்து சாப்பிடுவாள், பாவாடை நாடாவைத் தானே முடிந்துகொள்வாள். ஐம்பதுகளின் கடைசியில், ஒரு தீபாவளி கழிந்து ஆறே மாதத்தில் அத்தனையும் போயிற்று. பேச்சு குறைந்து குறைந்து ஒற்றைச் சொல்லாகி, அதுவும் நின்றது. தட்டில் சோறு வைத்தால் என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மதுரை டாக்டர் காது நன்றாக இருக்கிறது என்றார். மற்றது அவருக்கும் புரியவில்லை.

திருத்தங்கலில் எங்கள் வீட்டாருக்கு மட்டும் எல்லாம் புரிந்துவிட்டது. தீபாவளி வெடிக்குப் பயந்துவிட்டாளாம்! பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த அத்தான், அதாவது என் கணவரின் அண்ணன், வைத்தியமும் கண்டுபிடித்தார்.

"அதவிடப் பெரிய சத்தம் ஒண்ணு காதுல விழுந்தா, பயம் முறிஞ்சு பேச்சு வந்துரும்மா."

மறுநாள் காலையில், சணல் சுற்றிய பெரிய வெடி ஒன்றைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார். பிள்ளை காதைப் பொத்திவிடக் கூடாதென்று என் கணவர் அவள் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டார். அண்ணன் சொல்லுக்கு மறுசொல் சொல்லத் தெரியாத மனுஷன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அத்தான் ஊதுபத்தியைப் பற்றவைத்துக்கொண்டிருக்கும்போதே, நான் வெடியை எடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டேன்.

"ஏத்தா, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? புள்ள பேச வேண்டாமா?"

"பயமுறுத்தி வாங்குற பேச்சு எம்புள்ளைக்கு வேண்டாம் அத்தான். இன்னொண்ணு கொண்டாந்தீகன்னா, எம்மடியில வச்சுக் கொளுத்துங்க."

என் கணவர் பிள்ளையின் கைகளை விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் எந்த விசேஷம் என்றாலும், "பேசியிருக்கும், இவதான் கெடுத்தா" என்றார்கள். சொல்லிக்கொள்ளட்டும். வெகுகாலம் கழித்து ஒரு டாக்டர் விளக்கினார்: இது அபூர்வமான கோளாறு, கற்றதெல்லாம் கழன்றுபோகும், பயத்தால் வருவதில்லை. அன்றைக்கு எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால்தான் தடுத்திருக்க வேண்டுமா என்ன?

அவள் மறுபடி பேசவே இல்லை. சில நாள் என் முகம்கூட அவளுக்குப் புதிதாக இருக்கும். ஆனால் சோற்றை உருட்டி நான் கையை நீட்டினால், ஒருநாளும் மிரண்டு பின்வாங்கியதில்லை. வாயைத் திறப்பாள்.