தீர்த்தக் கசெற்

அப்பாவின் குரல் எங்களிடம் இல்லை. செத்தவீட்டுக்கு மறு கிழமைதான் இது எனக்கு உறைத்தது.

அவரிடம் இரண்டு அலுமாரி நிறையக் கசெற்றுகள் இருந்தன. கோயில் கோயிலாகப் போய் அவர் களவாகப் பதிந்த நாதசுரக் கச்சேரிகள். அல்லது அவரைப் போன்ற இன்னொருவர் களவாகப் பதிந்ததன் பிரதிகள். அவற்றில் வித்துவான்கள் வாசிக்கிறார்கள், குழந்தைகள் அழுகின்றன, கச்சான் கடலை விற்கிறவர் கூவுகிறார். அப்பா மட்டும் இல்லை. பதிகிறவன் வாய் திறக்கக்கூடாது என்பது களவாகப் பதியும் அந்தக் கூட்டத்தின் சட்டம். அவர் அதை வீட்டுக்கும் கொண்டுவந்தார். என் கலியாண வீடியோவில் எல்லாரும் வாழ்த்துகிறார்கள். அவர் உதட்டில் விரலை வைத்துக் கமராக்காரரை அடக்குகிறார். கைத்தொலைபேசியை நீட்டினாலும் அதே விரல்.

பெயர் பரமலிங்கம். உரும்பிராயில் சங்கக்கடை மனேச்சர். சீனியும் மண்ணெண்ணெயும் அளந்து கொடுத்த நேரம் போக மிச்சமெல்லாம் கசெற்தான். களவாகப் பதிவதை அவர்கள் குற்றமாக நினைக்கவில்லை. அதைக் காசுக்குக் கொடுப்பதுதான் குற்றம். கசெற்றுக்குக் கசெற் மாற்றவேண்டும். வித்துவான்களுக்கு இது பிடிக்காது என்பதால், ரேப் றெக்கோடர் அர்ச்சனைத் தட்டில் வாழைப்பழச் சீப்புக்கு அடியில் போகும். பதிந்தவரிடமே எடுத்த பிரதி 'முதற்கை'. அதிலிருந்து எடுத்தது 'இரண்டாங்கை'. எதையும் வெட்டாமல் கொடுக்கவேண்டும், இருமல் இரைச்சல் உட்பட. தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்தபோது சைக்கிள் கரியரில் கசெற் பெட்டி ஏறியது. அம்மாவின் கூறைச்சேலை வீட்டிலேயே கிடந்தது. எனக்கு ஆரபி என்று இராகத்தின் பெயரை வைத்தார். தம்பி பிறந்தபோது அம்மா முந்திக்கொண்டார்.

அப்பாவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு கசெற். தொண்ணூற்று மூன்றில், ஊர்க் கோயில் தீர்த்தத் திருவிழாவில் பதிந்தது. வாசித்தவர் பெயரை எழுதினால் அவருடைய பிள்ளைகள் கோபிப்பார்கள். தோடி. ஆலாபனை போகப்போகச் சுருதி மெல்ல மேலேறும், வேகமும் ஏறும், முடியும்போது ஒரு சுரம் உயரத்தில் நிற்பார். அவருடைய வேறெந்தப் பதிவிலும் இது கிடையாது. வேறு யாரிடமும் கிடையாது. ரொறன்ரோவில் ஒருவர் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். இளைய நாதசுரக்காரர்கள் முயன்று பார்த்துத் தோற்றார்கள். சுருதிக்கு ஊதும் ஒத்தும் கூடவே ஏறுகிறதே என்று கேட்டால், ஒத்து ஊதியவர் மச்சான், குறிப்பறிந்தவர் என்பார்கள். தவிலும் ஏறுகிறதே என்று கேட்பதற்குள் பேச்சு மாறிவிடும். வாசிப்பு முடிந்து மணி ஓய்ந்தபின், அடுத்த உருப்படி தொடங்குமுன், ஒரு குஞ்சுக் குரல் கீச்சிடும். யாரோ பாலகன் தன்னை மறந்து கத்திய இடம் என்று அதற்கும் மரியாதை. அப்பாவிடம் கேட்டால் "ம்" என்பார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு முன் சிற்றம்பலம் மாமா வந்தார். நீர்வேலியில் வாழைத்தோட்டம், அப்பாவின் முதற்கைகள் எல்லாம் வைத்திருப்பவர்.

"பிள்ளை, அண்டைக்கு அந்தத் தீர்த்தக் கசெற்றைப் போடவேணும். நீ எஞ்சினியர்தானே, இரைச்சலை மட்டும் எடுத்துப்போட்டுத் தா. வேறை ஒண்டிலையும் கை வையாதை."

கணினியில் ஏற்றினேன். தொடக்கத்தில் கோயில் மணி கேட்கிறது. முடிவிலும் அதே மணி. முடிவில் மணியும் ஒரு சுரம் மேலே நின்றது. வெண்கலத்துக்கு வித்துவம் வராது. கோயிலுக்குப் போய் மணியைப் பதிந்து ஒப்பிட்டேன். முதல் மணி சரி, கடைசி மணி பிழை. பதியும்போது ரேப்பின் ஓட்டம் குறைந்துகொண்டே போயிருக்கிறது. அப்படிப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓடவிட்டால் எல்லாம் விரைந்து மேலேறும்.

போர் நடந்த அந்தக் காலம் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. பாட்டுக் கேட்பதற்கே சைக்கிளை நிறுத்திவைத்து, மிதியை உழக்கி டைனமோவைச் சுழற்றவேண்டும். அன்று அப்பாவுக்கு உழக்கியவர் சுபாஸ்கரன். இப்போது எங்கள் ஒழுங்கை முனையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார்.

"நான்தான் தங்கச்சி. கேணி மதிலுக்குப் பின்னாலை சைக்கிள். பரமண்ணை மதிலுக்கு மேலாலை வயரை இழுத்து அங்காலை றெக்கோடரை வைச்சிருந்தார். மனிசன் இப்ப தோடியை முடிப்பார், இப்ப முடிப்பார் எண்டு பாத்தன். முடிச்சாத்தானே! விரதம் வேறை. கால் செத்துப்போச்சு."

"ஒருத்தருக்கும் சொல்லேல்லையே?"

"அண்ணையிட்டைச் சொன்னனான். 'வாயை மூடடா, உன்ரை காலாலைதான் அந்தாளுக்குப் பேர்' எண்டார். பிறகு எனக்கும் ஒரு பெருமை."

வீட்டுக்கு வந்து பதிவு முழுவதையும், கடைசி மணி முதல் மணியோடு பொருந்தும்படி படிப்படியாக இறக்கினேன். சுருதி படுத்துவிட்டது. களைத்துப்போன ஒருவர் ஒழுங்காகத் தோடி வாசித்தார்.

கடைசிக் கீச்சு மிஞ்சியது. அதற்குப் பிறகு அளக்க மணி இல்லை. காதால் இறக்கினேன். இன்னும் இறக்கினேன். அது பாலகனில்லை.

"உழக்கடா! சுபாஸ், உழக்கு! இன்னும் கொஞ்சம், விட்டிடாதை..."

அவ்வளவுதான். ரேப் நின்றுவிட்டது. ஆனால் இது அளவீடு இல்லை. கிடைக்கவேண்டிய விடையை நோக்கி நகர்த்துவது. அலுவலகத்தில் யாராவது இப்படிச் செய்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அந்தியேட்டிச் சாப்பாட்டுக்குப் பிறகு, திருத்தியதையே போட்டேன். கூட்டம் முழுவதும் கண்ணை மூடிக் கேட்டது. சிறிது நேரத்தில் ஒவ்வொருவராகத் திறந்தார்கள்.

"பிள்ளை, வடிவாய்த்தான் செய்திருக்கிறாய்," என்றார் சிற்றம்பலம் மாமா. "ஆனா உது அவர் வாசிச்சதில்லை."

"இதுதான் மாமா அவர் வாசிச்சது."

"எத்தினை வரியமாய்க் கேக்கிறன், எனக்குத் தெரியாதே?"

"நான்தானே மாமா உழக்கினது," என்றார் சுபாஸ்கரன்.

"நீ சும்மா இரு. பின்னேரத்திலை போத்தலோடை இருக்கிற உனக்கு என்னதான் ஞாபகம் நிக்குது?"

எல்லாரும் சிரித்தார்கள். சுபாஸ்கரனும் சிரித்தார்.

"அந்தக் குரல், மாமா?" என்று கேட்டேன். "அது ஆரின்ரை?"

மாமாவின் முகம் ஒரு கணம் மாறியதைக் கண்டேன். பிறகு தலையை ஆட்டினார்.

"பரமு பதியேக்கை கதைக்கமாட்டான். செத்த மனிசனிலை பழி போடாதை."

பழைய பதிவின் இரைச்சலை மட்டும் எடுத்து, சுருதி ஏறியது ஏறியபடியே கொடுத்தேன். அழுதபடி கேட்டார்கள். அப்பாவை மெச்சினார்கள். போகும்போது ஆளுக்கொரு முதற்கை கேட்டார்கள்.

சுபாஸ்கரனைக் கேட்டேன்; கால் செத்த நேரம் ஒன்றும் காதில் விழவில்லை என்றார். எனக்கு மாமாவின் தலையாட்டல்தான் மிஞ்சியது. நாற்பது வருடப் பழக்கம் அவருக்கு. எனக்கோ கேட்கவேண்டும் என்ற ஆசை. யாருடைய காதை நம்புவது?

ஆட்கள் போனபின் அம்மா குசினியில் பெரிய சட்டிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் கூட்டத்துக்குள் வரவில்லை. அடுப்படியில் எதுவும் கேட்டிருக்காது. நானும் ஒன்றும் சொல்லவில்லை. பரிசோதனை என்றால் சொல்லக்கூடாது. கைத்தொலைபேசியைத் தட்டு அடுக்கும் ராக்கையில் வைத்து, குரல் வரும் இடத்தை மட்டும் ஓடவிட்டேன்.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கை மட்டும் நின்றது.

"ஆரை உப்பிடி ஏசுறார்?"

"சுபாஸ்கரனை."

"பாவம் அந்தப் பொடியன்," என்றார் அம்மா. தண்ணீர்க் குழாயைப் பூட்டினார். "திருப்பிப் போடு."